மூலையில் பறக்கும் நட்சத்திரங்கள்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பொறியாளர். சென்ற ஆண்டு போனஸ் பணத்தில், ட்ரைபாட்டின் மேல் பொருத்தும் சிறிய டிராக்கர் ஒன்று வாங்கினாராம். மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு மெர்சிங் கடற்கரைக்குப் போய்ப் பால்வீதியைப் படம் பிடித்து வந்திருக்கிறார். கேமராவின் சின்னத் திரையில் படம் அருமை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கியபோது மகள் கேட்டாளாம்: “அப்பா, நடுவுல எல்லாம் புள்ளியா இருக்கு. ஓரத்துல மட்டும் ஏன் நட்சத்திரம் எல்லாம் பறவை மாதிரி பறக்குது?”

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “நண்பர் ஒருவர் லென்ஸை மாற்றச் சொல்கிறார். அவர் காட்டும் லென்ஸ் ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். மனைவியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. என்ன செய்யட்டும் ஐயா?”

தம்பி, வாயைத் திறப்பதற்கு முன் இந்த வாரப் பத்தியைப் படித்துவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் டிராக்கரே அந்தப் பறவைகளில் பெரும்பாலானவற்றைத் தரையிறக்கிவிடும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் சூட்சுமம்.

இரவு வானப் படத்தில் இப்போதுதான் இறங்கியிருப்பவர்களுக்காக அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

டிராக்கர் வந்த பிறகு ஏன் குறை தெரிகிறது?

பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகம்தான். ஆனால் கேமரா விடாது. 24 மி.மீ. லென்ஸை 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் மாட்டினால், வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய மூன்றரை விநாடியில் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். 15 விநாடி திறந்து வைத்தால் நான்கு பிக்சல் நீளத்துக்குக் கோடு விழும். இந்தச் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவை எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே போவதுதான் டிராக்கரின் வேலை.

டிராக்கர் இல்லாத காலத்தில் எல்லா நட்சத்திரமும் கொஞ்சம் நீண்டிருக்கும். மூலையில் இருப்பது கூடுதலாக நீண்டிருந்தாலும் பூமியின் மேல் பழியைப் போட்டுவிடலாம். டிராக்கர் வந்ததும் நடுவில் உள்ளவை ஊசிமுனைப் புள்ளிகளாகிவிடுகின்றன. அப்போதுதான் லென்ஸின் குணம் வெளியே தெரிகிறது.

பகலில் எடுத்த கல்யாணப் படங்களில் இதே லென்ஸ் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். மாலையும் பட்டுப்புடவையும் புள்ளிகள் இல்லை. அவற்றின் ஓரம் சற்றே கலங்கியிருந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். நட்சத்திரம் அப்படியில்லை. கருப்புப் பின்னணியில் ஒற்றை ஒளிப்புள்ளி. ஒரு லென்ஸுக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

யார் குற்றவாளி?

மருந்து தேடும் முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி ஒன்பது இடங்களைப் பாருங்கள்: நடு, நான்கு மூலை, நான்கு விளிம்பின் மத்தி. அந்த ஒன்பது இடங்களும் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒன்பது இடங்களிலும் நட்சத்திரங்கள் ஒரே திசையில் நீண்டிருந்தால் லென்ஸ் நிரபராதி. டிராக்கர் சரியான திசையைப் பார்க்கவில்லை, அல்லது காற்று ட்ரைபாட்டை ஆட்டியிருக்கிறது.

நடு சுத்தமாக இருந்து, நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் படத்தின் மையத்தை நோக்கியோ மையத்தைச் சுற்றியோ இழுபட்டிருந்தால் அது லென்ஸின் இயல்பான குறை. இதில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று கோமா. லென்ஸின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளியும் அதன் ஓரம் வழியாக வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேர மறுப்பதால் வால்நட்சத்திரம்போல ஒரு வால் முளைக்கும். இன்னொன்று அஸ்டிக்மாட்டிசம். கண்ணாடிக் கடையில் ‘சிலிண்டர் பவர்’ என்று சொல்வார்களே, அதேதான். ஒரு திசையில் குவியும் ஒளி அதற்குச் செங்குத்தான திசையில் குவியாது. இரண்டும் சேரும்போதுதான் அந்தச் சிறுமி பார்த்த இறக்கை விரிகிறது.

ஒரே ஒரு மூலை, அல்லது ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால், லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம், அல்லது லென்ஸ் கேமராவோடு நேராகப் பொருந்தாமல் இருக்கலாம். அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸ் மாட்டுபவர்கள் அடாப்டரையும் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, டிராக்கரை நிறுத்திவிட்டு 2 விநாடி மட்டும் ஒரு படம் எடுங்கள். 24 மி.மீ. லென்ஸில் அந்த நேரத்துக்குள் நட்சத்திரம் ஒரு பிக்சல்கூட நகராது. அப்போதும் மூலையில் இறக்கை இருந்தால் அது லென்ஸின் வேலை. இறக்கை மறைந்துவிட்டால் டிராக்கரைத் திருத்துங்கள்.

இரண்டாவது, ஒரு படம் எடுத்தபின் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே வானத்தை இன்னொரு முறை எடுங்கள். கெட்ட மூலை கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டால் குறை லென்ஸிலோ கேமராவிலோ இருக்கிறது. வானத்தில் அதே இடத்திலேயே நின்றால் டிராக்கர்தான் காரணம்.

இந்தச் சோதனைகளுக்கு மெர்சிங்வரை போக வேண்டியதில்லை என்பது சிங்கப்பூர் வாசகர்களுக்கு நல்ல செய்தி. 2016-ல் வெளியான உலகச் செயற்கை ஒளி வரைபட ஆய்வு, சிங்கப்பூரின் மக்கள் அனைவருமே கண் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்வதாகச் சொன்னது. பால்வீதி தெரியாதுதான். ஆனால் லென்ஸைச் சோதிக்கப் பிரகாசமான ஒரே ஒரு நட்சத்திரம் போதும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நின்று, அந்த ஒரு நட்சத்திரத்தை ஒன்பது இடங்களிலும் மாற்றி மாற்றி வைத்து 2 விநாடிப் படங்கள் எடுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் லென்ஸின் ஜாதகம் கையில் இருக்கும்.

நேரத்தைக் கொடுங்கள், கூர்மையை வாங்குங்கள்

கிள்ளான் தம்பி கடிதத்தோடு படத்தின் விவரங்களையும் அனுப்பியிருந்தார். 24 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 1.4, 60 விநாடி. விடை அந்த எஃப் 1.4-இல் இருக்கிறது.

டிராக்கர் இல்லாதபோது அப்பர்ச்சரை முழுமையாகத் திறப்பது கட்டாயம். 10, 15 விநாடிக்குள் கிடைக்கிற ஒளியையெல்லாம் அள்ள வேண்டும். அந்தப் பழக்கம் டிராக்கர் வாங்கிய பின்னும் பலருக்குத் தொடர்கிறது. அதே எஃப் 1.4-இல் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் கூட்டுகிறார்கள். படம் வெளுக்கிறது, மூலைகள் அப்படியே இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். எஃப் 1.4-லிருந்து எஃப் 2.8-க்குப் போனால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எஃப் 4-க்குப் போனால் எட்டில் ஒரு பங்கு. அதாவது எஃப் 1.4-இல் 15 விநாடியில் கிடைத்த அதே ஒளியை எஃப் 2.8-இல் 60 விநாடியிலும், எஃப் 4-இல் 120 விநாடியிலும் பெறலாம். டிராக்கர் இல்லாமல் 120 விநாடி என்பது நடக்காத காரியம். டிராக்கர் இருந்தால் சாதாரணம்.

இதற்குக் கிடைக்கும் பலன் என்ன? ஒளியியல் கணக்கின்படி, லென்ஸின் திறப்பு விட்டம் பாதியானால் கோமாவின் பரப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கும். அஸ்டிக்மாட்டிசத்தால் வரும் கலக்கம் பாதியாகும். நடுவிலும் ஓரத்திலும் ஒரேபோலப் பனிமூட்டம்போல் தெரியும் கோளப் பிறழ்ச்சி எட்டில் ஒன்றாகிவிடும். உண்மையான லென்ஸ்களில் பல குறைகள் பின்னிக் கிடப்பதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனால் போக்கு இதுதான். எஃப் 1.4-லிருந்து 2.8-க்கு வருவது வெறும் இரண்டு படி. பறவை கொசுவாகிவிடும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு படிவரிசை எடுங்கள். ஒரே வானம், ஒரே குவியம். எஃப் 1.4, 2, 2.8, 4 என ஒவ்வொன்றிலும் ஒரு படம். நேரத்தை 15, 30, 60, 120 விநாடி எனக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். கணினியில் ஒரே மூலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் உங்கள் மனம் ஒப்புகிறதோ, அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். என்னுடைய 24 மி.மீ. லென்ஸுக்கு அது எஃப் 2.8. ஆண்டுக்கணக்காக அதை மாற்றவில்லை.

அப்பர்ச்சரைச் சுருக்குவதால் ஒரு பக்க விளைவு உண்டு. பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிக் கதிர்கள் முளைக்கும். லென்ஸுக்குள் இருக்கும் தகடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அது. எட்டுத் தகடு என்றால் எட்டுக் கதிர். ஒற்றைப்படையாக ஒன்பது தகடு இருந்தால் பதினெட்டு. சிலருக்கு அது அழகு. பிடிக்காதவர்கள், நீண்ட லென்ஸ்களில் மட்டும், தகடுகளைத் தொடாமல் முன்பக்கம் ஒரு சிறிய ஸ்டெப்-டவுன் வளையத்தைத் திருகிக்கொள்ளலாம். 135 மி.மீ. எஃப் 2 லென்ஸின் முன்னால் 49 மி.மீ. வளையம் வைத்தால் ஏறக்குறைய எஃப் 2.8 கிடைக்கும். வட்டமான திறப்பு என்பதால் கதிர் விழாது. அகலக் கோண லென்ஸில் இதைச் செய்யாதீர்கள். வளையம் மூலைகளை மறைத்துவிடும்.

நிற விளிம்பும் குவியமும்

அடுத்த புகார், நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா நிற ஒளிவட்டம். எல்லா நிறங்களும் ஒரே ஆழத்தில் குவியாததால் வருவது. இதற்கும் அப்பர்ச்சரைச் சுருக்குவதே முதல் மருந்து. மீதியைக் குவியம் பார்த்துக்கொள்ளும்.

லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும். அதை நம்பாதீர்கள். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, குவிய வளையத்தை மெல்லத் திருப்புங்கள். நட்சத்திரம் சுருங்கும், மிகச் சிறியதாகும் இடத்தைத் தாண்டினால் மறுபடி விரியும். தாண்டிய பின் திரும்பி வந்து நிறுத்துங்கள். மிகச் சிறிய புள்ளிக்கு மயிரிழை ஒரு பக்கமாக வைத்தால் ஊதா வட்டம் குறைவதைச் சில லென்ஸ்களில் காணலாம்.

எந்த நட்சத்திரத்தை வைத்துக் குவிப்பது என்பதும் முக்கியம். பல அகலக் கோண லென்ஸ்களில் நடுவும் ஓரமும் ஒரே தளத்தில் குவிவதில்லை. நடுவில் உள்ள நட்சத்திரத்தை வைத்துக் குவித்தால் மூலை கெடும். மையத்திலிருந்து மூலைக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மூலையில் நிறையப் பெறுவீர்கள். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

மூலைகளில் நட்சத்திரத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகத் தெரிந்தால் அது வேறு வகை. அப்பர்ச்சரைச் சுருக்கினாலும் போகாது. ஆனால் மென்பொருளில் ஒரே சொடுக்கில் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

இருண்ட மூலைகள்

மூலைகள் கறுத்திருப்பதும் லென்ஸின் குறைதான். பகல் படத்தில் கவனிக்கமாட்டோம். பால்வீதியின் மங்கலை மேலே தூக்கும்போது, நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டுமாகக் கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இதற்கு ‘ஃபிளாட்’ படங்கள் எடுக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் குவியத்தையும் அப்பர்ச்சரையும் தொடாமல், லென்ஸின் முகத்தில் ஒரு வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துப் போர்த்தி, அதன் மேல் டேப்லட்டின் வெள்ளைத் திரையை வைத்து 20, 30 படங்கள் எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவாக்கில் நிற்க வேண்டும். அந்தப் படங்களில் உங்கள் லென்ஸின் இருட்டும் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியும் மட்டுமே பதிவாகியிருக்கும். சிரில் போன்ற இலவச மென்பொருள், வானப் படத்தை இதனால் வகுத்து இருட்டையும் தூசியையும் நீக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஃபிளாட் எடுப்பவர்கள் கேமராவுக்குள் இருக்கும் லென்ஸ் திருத்த வசதிகளை அணைத்துவிடுங்கள். பிறகு மென்பொருளிலும் மூலை இருட்டைப் போக்கும் பெட்டியில் டிக் போடாதீர்கள். ஒரே குறையை இரண்டு முறை திருத்தினால் மூலைகள் நடுவைவிட வெளுத்துப்போகும்.

நம் ஊர் வானம், நம் ஊர் ஈரம்

இவ்வளவும் சரியாக வர டிராக்கர் இரண்டு நிமிடமாவது பிசகாமல் ஓட வேண்டும். டிராக்கரோடு வரும் கையேடு, துருவ நட்சத்திரத்தைச் சிறு தொலைநோக்கியில் பார்த்து வையுங்கள் என்று சொல்லும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது சரி. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. பினாங்கில் ஐந்து பாகை சொச்சம், கோலாலம்பூரில் மூன்று, மெர்சிங்கில் இரண்டரைக்கும் குறைவு, சிங்கப்பூரில் ஒன்றே கால். தென்னை மரமும் அடிவானப் புகையும் அதை விட்டுவைக்காது.

கவலை வேண்டாம். தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஏறக்குறைய ஒன்றே. டிராக்கரின் சுழல் அச்சைத் திசைகாட்டி வைத்து வடக்கு நோக்கித் திருப்புங்கள். கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியால் அட்சரேகை அளவுக்கு அச்சைத் தூக்குங்கள். இரண்டரைப் பாகை என்றால் கிட்டத்தட்டப் படுத்த நிலைதான். காருக்குப் பக்கத்திலோ இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்திலோ திசைகாட்டியை வைக்காதீர்கள், ஊசி ஏமாற்றும். 24 மி.மீ. லென்ஸில், அச்சு ஒரு பாகை பிசகினாலும் இரண்டு நிமிடத்தில் நட்சத்திரம் ஒரு பிக்சல்கூட விலகாது. அகலக் கோண லென்ஸ் நமக்குக் கொடுக்கும் சலுகை அது. 135 மி.மீ. லென்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சில டிராக்கர்களின் அடித்தாங்கி இவ்வளவு தாழ்வாக இறங்காது. வாங்கும்போதே கடையில் இறக்கிப் பாருங்கள்.

இன்னொரு எதிரி ஈரம். குளிரூட்டிய ஹோட்டல் அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள். நள்ளிரவுக்குப் பின் லென்ஸின் முகத்தில் பனி படியும். முதல் படத்தில் இல்லாத ஒளிவட்டம் முப்பதாவது படத்தில் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றி வந்திருந்தால், அது லென்ஸின் குறை இல்லை, பனி. யூஎஸ்பி மின்கலத்தில் ஓடும் சூடேற்றும் பட்டை நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றிக் கட்டி மிகக் குறைந்த சூட்டில் வைத்தால் போதும். நம் ஊர் வானப் படத்துக்கு, லென்ஸுக்கு அடுத்து நான் பரிந்துரைக்கும் முதல் செலவு இதுதான்.

லென்ஸின் முன் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். கரையோர எல்இடி விளக்கோ நிலவோ ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையே பட்டுத் திரும்பி, பச்சை நிறப் பேய்ப்புள்ளியாக வந்து நிற்கும். ஹூட் மாட்டுங்கள்.

சட்டம் போடும்போதே யோசியுங்கள்

செலவே இல்லாத மருந்து ஒன்று உண்டு. பிரகாசமான நட்சத்திரங்கள்தான் லென்ஸின் குறையை உரக்கச் சொல்பவை. அவற்றை மூலையில் வைக்காதீர்கள். ஜூன், ஜூலை இரவுகளில் தெற்கே விருச்சிகம் ஏறி வரும்போது, வீட்டுப் பெரியவர்களுக்கு ஜாதகத்தில் பழகிய கேட்டை சிவப்பாக மின்னும். அதை மையத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். பால்வீதியின் மையம் மெர்சிங்கில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 60 பாகை உயரம்வரை ஏறும் என்பதால், வானத்தை நடுவில் வைத்து மரங்களையும் பாறைகளையும் கீழ் மூலைகளுக்கு விட்டுவிட இடமிருக்கிறது. மரத்துக்குப் பின்னால் இறக்கை தெரியாது. டிராக்கர் ஓடும்போது மரம் கலங்கும். அதனால் டிராக்கரை நிறுத்தித் தரைக்குத் தனியாக ஒரு படம் எடுத்துப் பிறகு இணைப்பது வழக்கம். இணைத்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாக எடுத்து, பிறகு நான்கு பக்கமும் பத்து விழுக்காடு வெட்டுவதும் நல்ல வழக்கம். மூலையின் மிக மோசமான பகுதி குப்பைக்குப் போகும்.

மென்பொருள் எவ்வளவு தூரம்?

கடைசியாக, சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள். பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் போன்றவை மூலையில் கோணிய நட்சத்திரங்களை வட்டமாக்கிக் கொடுத்துவிடுகின்றன. “இதெல்லாம் எதற்கு, அதை வாங்கினால் போதுமே” என்று சில இளையவர்கள் கேட்கிறார்கள்.

அவை கெட்டிக்காரக் கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வரிசை முக்கியம். லேசாகக் கோணிய நட்சத்திரத்தை அவை நேர்மையாக நிமிர்த்தும். ஐம்பது பிக்சலுக்கு இறக்கை விரித்த நட்சத்திரத்தைக் கொடுத்தால் அந்த மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கும். இறக்கையின் நுனி தனி நட்சத்திரமாகலாம். நெருங்கியிருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகலாம். படம் அழகாக இருக்கும். வானத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கும்.

சுவரில் மாட்டும் அலங்காரப் படத்துக்கு அது பெரிய பாவம் இல்லை என்று சிலர் சொல்லலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் படத்தைக் காட்டித்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, “இது விருச்சிகம், இது அதன் வால்” என்று சொல்லிக்கொடுக்கப் போகிறோம். நகரத்தில் வளரும் பிள்ளை பால்வீதியைப் பார்ப்பதே பெரும்பாலும் படத்தில்தான். ஒரு நட்சத்திரத்தின் மேல் விரல் வைத்து, “இது உண்மையா அப்பா?” என்று கேட்டால், தயங்காமல் “ஆமாம்மா” என்று சொல்ல முடிய வேண்டும். அதனால் என் வரிசை இது: முதலில் அப்பர்ச்சர், பிறகு குவியம், பிறகு ஃபிளாட், கடைசியாக மிச்சம் இருப்பதற்கு மட்டும் மென்பொருள்.

அப்படியானால் லென்ஸை எப்போது மாற்றுவது?

எஃப் 4 வரை சுருக்கியும் ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டே இருந்தால், லென்ஸின் உள்மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், சோதனைப் படங்களோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். புதிது வாங்க வேண்டாம்.

எஃப் 4-இலும் நான்கு மூலைகளும் ஒரேபோல மோசமாக இருந்தால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு வாரயிறுதி சோதித்துப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எஃப் 4-க்குச் சுருக்கி, வானத்தைப் பக்கம் பக்கமாக நான்கைந்து துண்டுகளாக எடுத்துக் கணினியில் ஒட்டலாம். டிராக்கர் இருப்பதால் நேரம் நம் பக்கம் இருக்கிறது. ஒட்டி முடித்த படம், விலையுயர்ந்த அகலக் கோண லென்ஸின் ஒற்றைப் படத்தைவிட நுணுக்கமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டும் பயன்படாதபோதுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். கிள்ளான் தம்பியின் படத்தில் நான்கு மூலைகளும் ஒரேபோல இருக்கின்றன, நடு சுத்தமாக இருக்கிறது, அப்பர்ச்சர் முழுத் திறப்பில் இருக்கிறது. எனவே என் பதில்: ஆறாயிரம் ரிங்கிட் வங்கியிலேயே இருக்கட்டும். அடுத்த அமாவாசைக்கு எஃப் 2.8, 120 விநாடி. எஃப் 1.4-இல் 60 விநாடி வைத்தபோது கிடைத்ததில் பாதி ஒளிதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக இரண்டு மடங்கு எண்ணிக்கையில் படங்கள் எடுத்து அடுக்கிவிடுங்கள்.

நவம்பர் தொடங்கிவிட்டால் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை மூடிவிடும், பால்வீதியின் மையமும் மாலை வானத்திலிருந்து இறங்கிவிடும். அதனால் இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் அமாவாசை வாரங்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். படிவரிசைச் சோதனை செய்து பார்த்தவர்கள், முழுப் படத்தை அனுப்ப வேண்டாம். மேல் இடது மூலையை மட்டும் வெட்டி, அப்பர்ச்சர் எண்ணோடு அனுப்பி வையுங்கள். நல்ல மூலைகளை இந்தப் பக்கத்தில் வெளியிடலாம்.